கோடிங்குக்கு முன்னாடி விஸ்டில்: எக்ஸ்எம்எல் வெப் சர்வீஸ் டிசைன் செய்ய முழு வழிகாட்டி

சோப், அதாவது இரண்டு புரோகிராம்கள் நெட்வொர்க்கில் எக்ஸ்எம்எல் மெசேஜால் பேசிக்கொள்ளும் முறை, செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று என்று சொல்லாத டெவலப்பர் இல்லை. சொல்லி வாய் மூடுவதற்குள் ஏதாவது ஒரு வங்கியிலிருந்தோ அரசுத் துறையிலிருந்தோ மெயில் வரும், திறந்து பார்த்தால் இணைப்பில் ஒரு விஸ்டில் ஃபைல் இருக்கும், ஒரு சர்வீஸிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று சொல்லும் ஃபைல் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு கம்பெனியின் வாட் எண் உண்மையானதுதானா என்று பார்க்கும் வீஸ் சேவை பல வருஷமாக சோப்பில் ஓடுகிறது. நம் ஊர் யூபிஐயில் வங்கிகளுக்கும் யூபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும் நடுவே போய்வருவது எக்ஸ்எம்எல் மெசேஜ்தான், அது சோப் இல்லை என்றாலும். டாலி இருக்கும் கம்ப்யூட்டரில் 9000ஆம் போர்ட்டுக்கு எக்ஸ்எம்எல் அனுப்பினால் வவுச்சரை வாங்கிக்கொள்ளும். ஆக, வேலை இருக்கிறது. சொல்லித்தர ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறது.

இது ஏற்கெனவே ஜாவாவோ டாட்நெட்டோ பிஎச்பியோ எழுதத் தெரிந்து, முதல்முறையாக ஒரு சோப் சர்வீஸை டிசைன் செய்யப் போகிறவருக்கு. நான் சொல்லப்போவதில் பாதி, நானே தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: எதிர்ப்பக்கத்துக்காரர் உங்கள் புரோகிராமை ஒருநாளும் பார்க்க மாட்டார், அவர் கையில் இருப்பது விஸ்டிலும், மெசேஜில் என்னென்ன எந்த வடிவில் வர வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமாவும்தான். வீட்டுப் பத்திரத்தில் எல்லை தப்பாக எழுதியிருந்தால் வீடு எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தும் சண்டை வரத்தானே செய்யும், அந்த மாதிரி.

அதனால் கிளாஸை எழுதி, அதன் தலையில் ஒரு அனோட்டேஷன் போட்டு, விஸ்டிலை டூலே உருவாக்கிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். அப்படி விட்டால் ஜாவா டூல் உங்கள் பாராமீட்டர்களுக்கு ஆர்க்0, ஆர்க்1 என்று பெயர் வைத்து வெளியே அனுப்பிவிடும். நாளைக்கு நீங்கள் உள்ளே ஒரு கிளாஸின் பெயரை மாற்றினால் வெளியே பத்து கிளையன்ட் உடையும்.

முதல் படி: வேறொருவருடைய விஸ்டிலைக் கீழிருந்து மேலே படியுங்கள்

எழுதுவதற்கு முன்னால் படிக்க வேண்டும். வீஸ் சேவையின் விஸ்டில் பொதுவெளியில் இருக்கிறது, சின்னது, நல்ல பயிற்சி. விஸ்டில் ஃபைலை மேலிருந்து படித்தால் தலை சுற்றும். கீழே போய் ஆரம்பியுங்கள்.

கடைசியில் சர்வீஸ் என்ற பகுதி. அதற்குள் ஒரு போர்ட், போர்ட்டுக்குள் ஒரு முகவரி: எந்தக் கதவைத் தட்டுவது என்பது அது. அந்த போர்ட் ஒரு பைண்டிங்கைக் காட்டும், எந்த மொழியில் பேசுவது, சோப் 1.1ஆ 1.2ஆ, எந்த ஸ்டைல் என்பதெல்லாம் அங்கே. பைண்டிங் ஒரு போர்ட்டைப்பைக் காட்டும், என்னென்ன வேலை கேட்கலாம் என்ற பட்டியல் அது. ஒவ்வொரு வேலையும், அதாவது ஆபரேஷனும், உள்ளே போகும் மெசேஜையும் வெளியே வரும் மெசேஜையும் காட்டும். மெசேஜ் கடைசியாக டைப்ஸ் பகுதியில் இருக்கும் ஸ்கீமாவில் போய் நிற்கும். எங்கே, எப்படி, என்ன: இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதுதான் விஸ்டில். இதைப் பிடித்துக்கொண்டால் இந்த ஃபைலைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை.

வீஸில் செக்வாட் என்று ஒரு ஆபரேஷன். நாட்டுக் குறியீடும் வாட் எண்ணும் கொடுத்தால், அதே இரண்டும், கேட்ட தேதியும், செல்லுமா செல்லாதா என்பதும், இருந்தால் பெயரும் முகவரியும் திரும்ப வரும். கொடுத்ததையே திருப்பித் தருவது வீண் என்று தோன்றும், ஆனால் பதிலை மட்டும் எடுத்து ஃபைலில் போட்டு வைக்கிறவருக்கு அது எந்த எண்ணுக்கான பதில் என்பது அதிலேயே இருக்கும். பெயரும் முகவரியும் ஸ்கீமாவிலேயே கட்டாயமில்லை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. எல்லா நாடும் அவற்றைத் தருவதில்லை, ஜெர்மனி தராது. இந்த மாதிரி உண்மை நிலவரம் ஸ்கீமாவில் தெரிய வேண்டும்.

அதே விஸ்டிலில் நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றும் உண்டு. தப்பான எண், அந்த நாட்டு சர்வர் ஓடவில்லை, டைம்அவுட் என்று என்னென்ன எரர் வரலாம் என்பதை ஒரு நீளமான விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள், ஆபரேஷனில் ஃபால்ட்டாக, அதாவது சோப்பின் முறையான எரர் மெசேஜாக, அறிவிக்கவில்லை. மனிதருக்குப் புரியும், டூலுக்குப் புரியாது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள், ஐந்தாம் படியில் வருகிறேன்.

இரண்டாம் படி: ஸ்கீமாவுக்கு முன்னால் மாதிரி மெசேஜ்

ஒரு நோட்டை எடுத்து, அல்லது எடிட்டரைத் திறந்து, நிஜமான ஒரு கோரிக்கையை எக்ஸ்எம்எல்லாகக் கையால் எழுதுங்கள். நான் சில வருஷம் ஒரு பார்சல் கம்பெனிக்கு வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். கடைகளின் பில்லிங் சாப்ட்வேரிலிருந்து நேரடியாக புக்கிங் வர வேண்டும் என்பதுதான் கேட்டது. அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்:

<ப:புக்கிங்>
  <ப:கோரிக்கைஎண்>மதுரை-000412</ப:கோரிக்கைஎண்>
  <ப:எங்கிருந்து>625001</ப:எங்கிருந்து>
  <ப:எங்கே>641001</ப:எங்கே>
  <ப:பெட்டிகள்>
    <ப:பெட்டி>
      <ப:எடை அலகு="கிலோ">4.500</ப:எடை>
      <ப:மதிப்பு நாணயம்="ரூபாய்">1250.00</ப:மதிப்பு>
    </ப:பெட்டி>
  </ப:பெட்டிகள்>
</ப:புக்கிங்>

தமிழில் டேக் பெயரா என்று கேட்காதீர்கள், செல்லும். 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0இலேயே தமிழ் எழுத்தில் எலிமென்ட் பெயர் வைக்க இடம் உண்டு, எண்ணில் ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். நிஜ வேலையில் ஆங்கிலத்தில் வையுங்கள், ஏனென்றால் எதிர்ப்பக்கத்து டூல் அந்தப் பெயரை அப்படியே கிளாஸ் பெயராக்கும், அவர் கீபோர்டில் தமிழ் இருக்காது.

இந்த மாதிரியை எழுதிவிட்டு, அதைக் கடைக்காரரின் டெவலப்பருக்கு அனுப்பினோம். ஸ்கீமாவைக் காட்டியிருந்தால் சரி சரி என்று தலையாட்டியிருப்பார். மெசேஜைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், ஒரே பில்லுக்கு நாலு பெட்டி, நாலும் நாலு ஊருக்குப் போகுதுன்னா?" அந்த ஒரு கேள்வியில் எங்கள் டிசைனே மாறியது, எங்கே என்பது பெட்டிக்குள் போனது. மாதிரி மெசேஜின் பலன் இதுதான். குறைந்தது மூன்று எழுதுங்கள்: சாதாரணமானது, எல்லாம் நிரம்பியது, ஒன்றுமே இல்லாத குறைந்தபட்சம்.

இந்தக் கட்டத்திலேயே ஆபரேஷன்களின் அளவையும் தீர்மானியுங்கள். அனுப்புநரை வை, பெறுநரை வை, பெட்டியைச் சேர், இப்போது புக் செய் என்று நாலு அழைப்பாக, அதாவது நாலு காலாக, வைக்காதீர்கள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கால் போய்வருவதற்கும் நேரம் ஆகும், மூன்றாவது காலில் நெட் போனால் பாதி புக்கிங் அனாதையாகக் கிடக்கும். ஒரு முழு வேலைக்கு ஒரு மெசேஜ். பதில் வர நேரமாகும் வேலை என்றால் யூபிஐ செய்கிற மாதிரி செய்யுங்கள்: கோரிக்கை வந்ததும் கிடைத்தது என்று உடனே ஒரு சின்ன ஒப்புதல், உண்மையான பதில் பிறகு தனியாக.

மூன்றாம் படி: ஸ்கீமா. இங்கேதான் உட்கார வேண்டும்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குக் கொடுங்கள். எக்ஸ்எம்எல் ஸ்கீமா 2001இல், வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையானது, 1.1 பதிப்பு 2012இல் வந்தது. வெப் சர்வீஸ் டூல்கள் பெரும்பாலும் இன்னும் 1.0ஐத்தான் ஒழுங்காகப் புரிந்துகொள்கின்றன, அதனால் 1.1இன் புதுச் சரக்கைத் தொடாதீர்கள்.

முதலில் என் இரண்டு ராத்திரியைச் சாப்பிட்ட விஷயம். கடைப் பக்கத்திலிருந்து புக்கிங் வருகிறது, எங்கள் சர்வர் எரர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் டேட்டாபேஸில் எடை, மதிப்பு, ஊர் எல்லாமே காலி. லாகைப் பார்த்தால் மெசேஜில் எல்லாம் இருக்கிறது. கடைசியில் எங்கள் மாதிரியையும் அவர்கள் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது (நடுவில் இருப்பதை விட்டுச் சுருக்கிக் காட்டுகிறேன்):

<ப:புக்கிங்><எங்கே>641001</எங்கே></ப:புக்கிங்>

<ப:புக்கிங்><ப:எங்கே>641001</ப:எங்கே></ப:புக்கிங்>

மேலே இருப்பது அவர்களுடையது, கீழே இருப்பது நாங்கள் எதிர்பார்த்தது. உள்ளே இருக்கும் டேக்குக்கு முன்னொட்டு இல்லை என்றால் அது நம் நேம்ஸ்பேஸில், அதாவது பெயர்கள் மோதாமல் இருக்க நாம் வைக்கும் தனிப் பெயர்வெளியில், இல்லை. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பார்சருக்கு இரண்டும் வேறு ஊர்க்காரர்கள். காரணம், ஸ்கீமாவின் தலையில் எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்ற அட்ரிபியூட்டை நான் போடவில்லை. போடாவிட்டால் அன்குவாலிஃபைடு என்று அர்த்தம், அதாவது உள் டேக்குகளுக்கு நேம்ஸ்பேஸ் கிடையாது. அவர்களுடைய டூல் என் ஸ்கீமாவை மதித்து நடந்தது, எங்கள் சர்வரில் கையால் எழுதிய மேப்பிங்தான் வேறு மாதிரி இருந்தது. வேலிடேஷனும் ஆன் செய்யவில்லை, தெரியாத டேக்கைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து எந்த ஸ்கீமாவை ஆரம்பித்தாலும் முதல் வரியிலேயே குவாலிஃபைடு என்று எழுதிவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறேன்.

அடுத்து டைப்கள். பணத்துக்கு டபுள் போடவே போடாதீர்கள், டெசிமல் போட்டுப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்று கட்டிவிடுங்கள். பின்கோடு, கணக்கு எண், வாட் எண் இவையெல்லாம் எண் மாதிரி தெரியும் சொற்கள், இவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, ஸ்ட்ரிங்காக வைத்து பேட்டர்ன் கொடுங்கள். முன்னால் பூஜ்யம் இருக்கும் கணக்கு எண்ணை இன்டிஜராக வைத்துவிட்டு, பூஜ்யம் எங்கே போச்சு என்று தேடிய கதை எல்லா டீமிலும் ஒன்று இருக்கும்.

தேதியும் நேரமும் தனிக் கூத்து. டேட்டைம் டைப்பில் நேர மண்டலம் கட்டாயமில்லை, விட்டுவிடலாம். கடைக்காரர் மாலை 4 மணிக்குச் சரக்கை எடுக்க வரச் சொல்லி மண்டலம் இல்லாமல் அனுப்புகிறார், கிளவுடில் யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால், ஓடும் சர்வர் அதைத் தன் நேரமாக எடுத்துக்கொள்கிறது, வேன் டிரைவருக்கு ராத்திரி 9.30 என்று மெசேஜ் போகிறது. அப்படிப் போயும் இருக்கிறது. பேட்டர்ன் வைத்து மண்டலத்தைக் கட்டாயமாக்குங்கள், +05:30 என்று எழுதுவதில் யாருக்கும் கை வலிக்காது. வெறும் தேதி டைப்புக்கும் மண்டலம் ஒட்டிக்கொண்டு வரலாம், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

இல்லை என்பதைச் சொல்ல எக்ஸ்எம்எல்லில் மூன்று வழி இருக்கிறது: டேக்கே வராமல் இருப்பது, டேக் வந்து உள்ளே காலியாக இருப்பது, டேக் வந்து நில் (ஆங்கில nil, மதிப்பு இல்லை) என்ற குறி தாங்கி இருப்பது. மூன்றும் மூன்று அர்த்தம். குறைந்தபட்சம் பூஜ்யம் தடவை என்று ஸ்கீமாவில் எழுதினால் முதல் வழி, நில்லபிள் என்று எழுதினால் மூன்றாம் வழி. இரண்டையும் ஒரே எலிமென்ட்டுக்குக் கொடுத்துவிட்டு எது எப்போது என்று சொல்லாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. மதிப்பை மாற்ற வேண்டாம் என்பதற்கும் மதிப்பை அழித்துவிடு என்பதற்கும் வித்தியாசம் தேவைப்படும் இடத்தில் மட்டும் நில்லை எடுங்கள், மற்ற இடத்தில் டேக்கே வேண்டாம் என்பதோடு நிறுத்துங்கள்.

வரிசையில் ஒரு கண் வையுங்கள். சீக்வென்ஸ் என்று எழுதினால் அந்த வரிசையில்தான் வர வேண்டும். டாட்நெட்டின் டேட்டாகான்ட்ராக்ட் சீரியலைசர், வரிசை சொல்லாவிட்டால் அகரவரிசையை எதிர்பார்க்கும். வேறு வரிசையில் வந்த எலிமென்ட்டை எரர் இல்லாமல் தாண்டிப் போய்விடும். மேலே சொன்ன காலி டேட்டாபேஸ் கதை இந்தக் காரணத்தாலும் நடக்கும்.

பட்டியல்களைப் பெட்டிகள்–பெட்டி என்று ஒரு உறைக்குள் வைத்ததைக் கவனித்திருப்பீர்கள். அது நல்ல பழக்கம். ஆனாலும் பிஎச்பியின் சோப்கிளையன்ட் ஒரு வேலை செய்யும்: பட்டியலில் இரண்டு பெட்டி இருந்தால் அரேயாகத் தரும், ஒன்றே ஒன்று இருந்தால் நேரடியாக ஆப்ஜெக்ட்டாகத் தரும். ஒற்றைப் பெட்டி புக்கிங் மட்டும் உடைகிறது என்று யாராவது புலம்பினால் முதலில் பிஎச்பியா என்று கேளுங்கள். அதற்கென்று சிங்கிள் எலிமென்ட் அரே என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போடச் சொன்னால் சரியாகிவிடும். உங்கள் ஆவணத்தில் இதை ஒரு வரியில் எழுதி வைத்தால் போன் கால் குறையும்.

நான்காம் படி: போர்ட்டைப், பைண்டிங்

ஸ்கீமா முடிந்துவிட்டால் மிச்சம் ஏறக்குறைய சடங்கு. ஆர்பிசியா டாக்குமென்ட்டா, என்கோடடா லிட்டரலா என்று பழைய கட்டுரைகள் பக்கம் பக்கமாக விவாதிக்கும். படிக்காதீர்கள். வெவ்வேறு டூல்கள் ஒத்துப்போக விதி வகுத்த டபிள்யூஎஸ்-ஐ அமைப்பின் பேசிக் ப்ரொஃபைல் 1.0, 2004இல் வந்தபோதே என்கோடடை விலக்கிவிட்டது. டாக்குமென்ட் லிட்டரல், அதிலும் ராப்டு என்று சொல்லும் வகை, அதை எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் இவ்வளவுதான்: உள்ளே போகும் மெசேஜில் ஒரே ஒரு பார்ட் இருக்க வேண்டும், அது டைப்பை அல்ல, எலிமென்ட்டைக் காட்ட வேண்டும், அந்த எலிமென்ட்டின் பெயரும் ஆபரேஷனின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குள் ஒரு சீக்வென்ஸ் மட்டும், அட்ரிபியூட் கூடாது. அதனால்தான் நம் மாதிரியில் புக்கிங் என்ற வெளி எலிமென்ட்டில் அட்ரிபியூட் எதுவும் இல்லை, அலகும் நாணயமும் உள்ளே தள்ளிப் போயிருக்கின்றன. ஆபரேஷனுக்கும் புக்கிங் என்றே பெயர்.

சோப் 1.1ஆ 1.2ஆ? 1.1 என்பது 2000இல் வந்த வெறும் குறிப்பு, 1.2தான் 2003இல் முறையான பரிந்துரையானது. விஸ்டிலுக்கும் அதே ஜாதகம்: எல்லோரும் பயன்படுத்தும் 1.1, ஐபிஎம், மைக்ரோசாப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து 2001இல் கொடுத்த குறிப்பாகவே நின்றுவிட்டது. 2007இல் 2.0 பரிந்துரையாக வந்தது, போர்ட்டைப்புக்கு இன்டர்ஃபேஸ் என்றும் போர்ட்டுக்கு எண்ட்பாயின்ட் என்றும் நல்ல பெயரெல்லாம் வைத்தது, டூல்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் யார் என்று தெரியாத நிலையில் நான் சோப் 1.1, விஸ்டில் 1.1 இரண்டையும்தான் எடுப்பேன். அழகில் குறைவு, ஆனால் இருபது வருஷப் பழைய சிஸ்டமும் பேசும்.

இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணில் படும் இடம் ஹெச்டிடிபி தலைப்புதான். 1.1இல் கன்டென்ட் டைப் சாதாரண டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல், கூடவே சோப்ஆக்ஷன் என்று தனித் தலைப்பு. 1.2இல் கன்டென்ட் டைப்பே அப்ளிகேஷன் சோப் பிளஸ் எக்ஸ்எம்எல், ஆக்ஷன் அதற்குள்ளேயே ஒரு பாராமீட்டராகப் போய்விட்டது. 415 எரர் வந்தால் பத்தில் எட்டுத் தடவை இந்தக் குழப்பம்தான் காரணமாக இருக்கும், என் அனுபவத்தில்.

ஐந்தாம் படி: ஃபால்ட்

வீஸ் பற்றிச் சொன்னேனே, அதற்கு வருவோம். எந்த ஆபரேஷனில் எந்தத் தப்பு நடக்கலாம் என்பதை போர்ட்டைப்பில் ஃபால்ட்டாக அறிவித்து, அதன் விவரத்துக்கு ஸ்கீமாவில் ஒரு எலிமென்ட் கொடுங்கள். அப்படிச் செய்தால் எதிர்ப்பக்கத்து ஜாவாவில் அது பெயருள்ள எக்ஸெப்ஷனாக வந்து நிற்கும், செய்ய வேண்டியதைச் செய்வார்கள். இல்லாவிட்டால் ஃபால்ட்ஸ்ட்ரிங்கில் இருக்கும் ஆங்கில வாக்கியத்தை எடுத்து அதில் இந்த வார்த்தை இருக்கிறதா என்று தேடும் புரோகிராமை எழுதுவார்கள், நீங்கள் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் அங்கே உடையும்.

எது ஃபால்ட், எது சாதாரண பதில்? அந்தப் பின்கோடுக்கு நாங்கள் டெலிவரி செய்வதில்லை என்பது ஃபால்ட் இல்லை, அது ஒரு பதில். வீஸிலும் செல்லாத வாட் எண்ணுக்குச் செல்லாது என்று பதில்தான் வரும். கோரிக்கையே அபத்தமாக இருப்பதும் சர்வர் படுத்துவிட்டதும்தான் ஃபால்ட். அதிலும் யார் பக்கத்துத் தப்பு என்று பிரித்துச் சொல்ல வேண்டும், 1.1இல் கிளையன்ட், சர்வர் என்றும் 1.2இல் சென்டர் (அனுப்புகிறவர்), ரிசீவர் (வாங்குகிறவர்) என்றும் பெயர். மறுபடி முயற்சி செய்யலாமா கூடாதா என்று எதிர்ப்பக்கம் இதை வைத்துத்தான் முடிவெடுக்கும்.

மறுபடி முயற்சி என்றதும் அந்தக் கோரிக்கைஎண் ஞாபகம் வரட்டும். கடைக்காரர் புக் செய்கிறார், எங்களிடம் பதிவாகிவிட்டது, பதில் போகும் வழியில் நெட் அறுந்தது, அவருடைய சாப்ட்வேர் மறுபடி அனுப்புகிறது. எண் இல்லையென்றால் இரண்டு புக்கிங், இரண்டு வேன். எண் இருந்தால் இது ஏற்கெனவே வந்ததுதான் என்று பழைய பதிலையே திருப்பித் தரலாம். இந்த எண்ணைக் கிளையன்ட்தான் உருவாக்க வேண்டும், சர்வர் உருவாக்கினால் பலன் இல்லை.

இன்னொரு பொறி. சோப் 1.1இல் ஃபால்ட் ஹெச்டிடிபி 500ஆகத்தான் போக வேண்டும். நடுவே இருக்கும் ப்ராக்ஸியோ லோடு பேலன்சரோ 500ஐப் பார்த்ததும், ஐயோ சர்வர் போச்சு என்று உங்கள் ஃபால்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன்னுடைய அழகான ஹெச்டிஎம்எல் மன்னிப்புப் பக்கத்தை வைத்துவிடும். கிளையன்ட்டுக்கு எக்ஸ்எம்எல் பார்ஸ் ஆகவில்லை என்று எரர் வரும், ஆளாளுக்கு ஒரு மூலையில் தேடுவார்கள். நெட்வொர்க் டீமிடம் ஆரம்பத்திலேயே சொல்லி இதை நிறுத்துங்கள்.

ஆறாம் படி: பாதுகாப்பும் பெரிய ஃபைலும்

சோப் மெசேஜுக்குள் டிடிடி (எக்ஸ்எம்எல்லின் தலையில் அதன் அமைப்பையும், என்டிட்டி என்ற சுருக்கப் பெயர்களையும் அறிவிக்கும் பகுதி) இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது, ஆனால் உங்கள் பார்சருக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒரு என்டிட்டிக்குள் அதற்கு முந்தையதைப் பத்துத் தடவை, அதற்குள் அதற்கு முந்தையதைப் பத்துத் தடவை என்று ஒன்பது அடுக்குப் போனால் ஒரு கிலோபைட் அளவு ஃபைல் நூறு கோடிச் சொல்லாக விரிந்து மெமரியைத் தின்றுவிடும். இன்னொரு வகையில் வெளி என்டிட்டி மூலம் உங்கள் சர்வரில் இருக்கும் ஃபைலையே படித்து அனுப்ப வைக்கலாம். பார்சரில் டிடிடியை முழுவதுமாக மூடிவிடுங்கள், இது ஒரு வரி வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

படம், பிடிஎஃப் அனுப்ப வேண்டியிருந்தால் பேஸ்64 எலிமென்ட் சின்னதுக்குப் போதும், ஆனால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். பெரிதாக இருந்தால் எம்டிஓஎம், ஃபைலை எக்ஸ்எம்எல்லுக்கு வெளியே பைனரியாகவே அனுப்பும் முறை. ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

ஏழாம் படி: மாற்றம் வரும், இடம் விட்டு வையுங்கள்

டார்கெட் நேம்ஸ்பேஸின் பெயரிலேயே வருஷமோ பதிப்பு எண்ணோ இருக்கட்டும். நேம்ஸ்பேஸ் மாறினால் அது புது சர்வீஸ், பழையதும் கொஞ்ச காலம் கூடவே ஓட வேண்டும். அதனால் எதற்கெடுத்தாலும் அதை மாற்றாமல், உடைக்கிற மாற்றத்துக்கு மட்டும் மாற்றுங்கள்.

உடைப்பது எது என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம். கோரிக்கையில் கட்டாயமில்லாத ஒரு எலிமென்ட்டைக் கடைசியில் சேர்ப்பது உடைக்காது. அதையே பதிலில் சேர்த்தால், பல கிளையன்ட் கண்டுகொள்ளாது, ஆனால் ஜாவாவில் அபாச்சி ஆக்சிஸ்2வின் ஏடிபி என்ற முறையை வைத்துக் கிளையன்ட் உருவாக்கியவர் அன்எக்ஸ்பெக்டட் சப்எலிமென்ட் என்று அலறுவார். அதைவிட மோசம், பதிலில் வரும் எனுமரேஷன், அதாவது இந்த மதிப்புகள் மட்டும்தான் வரலாம் என்ற பட்டியல். எங்கள் பார்சல் நிலை முதலில் புக் ஆனது, வண்டியில், டெலிவரி ஆனது என்று மூன்றே மூன்று. பிறகு ஒருநாள் பிசினஸ் டீம் வந்து, வாடிக்கையாளர் வீட்டில் இல்லை என்று நாலாவதாக ஒன்று வேண்டும் என்றார்கள். சேர்த்தோம். பழைய ஸ்கீமாவில் கிளாஸ் உருவாக்கி வைத்திருந்த கடைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் மொத்தப் பதிலையும் ஏற்க மறுத்தன. பதிலில் போகும் நிலைக் குறியீட்டை ஸ்ட்ரிங்காக வைத்து, தெரிந்த மதிப்புகளை ஆவணத்தில் எழுதுவதுதான் இப்போது என் வழக்கம். கோரிக்கையில் எனுமரேஷன் வைக்கலாம், அங்கே நாம்தான் வாங்கிக்கொள்கிறவர்கள், பட்டியலைப் பெரிதாக்கினால் யாருக்கும் வலிக்காது.

எட்டாம் படி: வெளியே கொடுப்பதற்கு முன்னால்

சோப் சர்வீஸைச் சோதிக்கும் சோப்யூஐ டூலில் விஸ்டிலைப் போட்டு எல்லா ஆபரேஷனையும் அழைத்துப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஜாவாவில் சிஎக்ஸ்எஃப், டாட்நெட்டில் எஸ்விசியுடில், பைத்தானில் ஸீப், பிஎச்பியில் சோப்கிளையன்ட் என்று குறைந்தது மூன்றில் கிளையன்ட்டை உருவாக்கிப் பாருங்கள். ஜாவா 11இலிருந்து, விஸ்டிலிலிருந்து கிளாஸ் உருவாக்கும் டபிள்யூஎஸ்இம்போர்ட் ஜேடிகேயில் கூடவே வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும், பழைய கட்டுரையை நம்பித் தேடாதீர்கள். உருவான கிளாஸ் பெயர்களைப் படியுங்கள். படிக்க அசிங்கமாக இருந்தால் ஸ்கீமாவில் பெயரில்லாத டைப்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன என்று அர்த்தம், பெயர் வைத்து வெளியே எடுங்கள்.

டெஸ்ட் சர்வீஸ் ஒன்று கொடுங்கள், இதில் வீஸ்தான் எனக்கு வாத்தியார். அங்கே டெஸ்டுக்கென்று தனி எண்ட்பாயின்ட் இருக்கிறது, வாட் எண் இருக்கும் இடத்தில் 100 கொடுத்தால் செல்லும் என்று வரும், 200 கொடுத்தால் செல்லாது, 201 கொடுத்தால் தப்பான உள்ளீடு, 302 கொடுத்தால் டைம்அவுட். எல்லா எரரையும் கேட்ட நேரத்தில் வரவழைக்கலாம், ஒருநாள் சர்வர் படுக்கட்டும், அன்றைக்குச் சோதிப்போம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பார்சல் சர்வீஸில் இதைக் காப்பியடித்து ஆறு பொய்ப் பின்கோடு வைத்தோம்.

விஸ்டிலை மாற்றிவிட்டுப் பிஎச்பிக்காரரிடம் இப்போது பாருங்கள் என்று சொன்னால் பழையதையே காட்டுகிறது என்பார். பொய் இல்லை: பிஎச்பி விஸ்டிலைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும், மாற்றாவிட்டால் 86400 விநாடி, ஒரு முழு நாள். கேஷை அணைக்கச் சொல்லுங்கள் அல்லது நாளைக்குப் பேசுங்கள்.

கடைசியாக, விஸ்டிலின் அடியில் இருக்கும் அந்த முகவரி. டெவலப்மென்ட் மெஷினின் லோக்கல்ஹோஸ்ட்டோ ஆபீஸ் உள் நெட்வொர்க்கின் ஐபியோ அதில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஸ்கீமாவைத் தனி ஃபைலாக இம்போர்ட் செய்திருந்தால் அந்தப் பாதையும் உள்ளேயே சுட்டிக்கொண்டிருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து சோதித்தால் இரண்டும் வேலை செய்யும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸ் வைஃபையைத் துண்டித்துவிட்டு, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்து, விஸ்டிலைப் புதிதாக இறக்கி, ஒரு கிளையன்ட் உருவாக்கி, ஒரே ஒரு புக்கிங் போட்டுப் பாருங்கள். அது போனபிறகு மெயிலை அனுப்புங்கள்.